தன் வழக்கைத் தானே உரைத்தல்

பெற்ற பிள்ளையின் மீதுள்ள உரிமையை அரசு அடியோடு நீக்க முற்படும் வழக்கில், தாயோ தந்தையோ வழக்கறிஞரை விலக்கித் தாமே வாதிட விரும்பினால் நீதிமன்றம் இசைய வேண்டுமா? அமெரிக்க நாட்டில் நெடுநாளாக எழுந்துவரும் இவ்வினா சட்டத்தைச் சார்ந்தது மட்டுமன்று, அறத்தையும் சார்ந்தது.

குற்ற வழக்குகளில் விடை தெளிவு. குற்றஞ்சாட்டப்பட்டவர் விளைவுகளை அறிந்து, தாமே விரும்பி வழக்கறிஞரை மறுப்பாராயின், தமக்காகத் தாமே வாதிடலாம் என்று 1975ஆம் ஆண்டு ஃபரெட்டா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே வாதம் பிழைத்தால் தண்டனை அடைபவர் வாதிட்டவரே.

பெற்றோர் உரிமை வழக்கோ குற்ற வழக்கு அன்று. இங்கே பிழையின் விளைவு குழந்தையையும் சேர்கிறது. இதனைக் கருதியே 2001ஆம் ஆண்டு கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, இத்தகைய வழக்கில் பெற்றவர் தாமே வாதிடும் உரிமை மாநிலச் சட்டம் தந்ததேயன்றி அரசியலமைப்பு தந்தது அன்று என்றது. குழந்தையின் நிலை விரைந்து முடிவாவதற்கு இடையூறு நேருமாயின், நீதிபதி அதனை மறுக்கலாம் என்றும் கூறியது. குழந்தைப் பருவம் வழக்கு முடியும்வரை காத்திருப்பதில்லை அன்றோ!

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். 1981ஆம் ஆண்டின் லாசிட்டர் வழக்கு வட கரோலினா மாநிலத்தினது. சிறையிலிருந்து அழைத்து வரப்பட்ட தாய் ஒருவர், வழக்கறிஞர் எவரும் இன்றி நின்று, சமூகநலப் பணியாளரைத் தாமே குறுக்கு விசாரணை செய்ய நேர்ந்தது. வினா எழுப்புவதற்கும் தம் கருத்தைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அவர்க்கு விளங்கவில்லை, நீதிபதி இடைமறித்தார். எனினும், இத்தகைய வழக்குகள் அனைத்திலும் ஏழைப் பெற்றோர்க்கு வழக்கறிஞரை அமர்த்தித் தர அரசியலமைப்பு கட்டாயப்படுத்தவில்லை என உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பாலான மாநிலங்களோ தம் சட்டங்களாலேயே அவ்வுதவியை வழங்குகின்றன.

இவ்விரு நிலைகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். அத்தாய் தாமே பேசியது உரிமையால் அன்று, துணையின்மையால். ஆசிரியப் பணியில் இருந்த நாம் அறிவோம்: வினாவே விளங்காத மாணவன் எழுந்து நிற்பது விடை கூறுதல் ஆகாது. கொடுக்கப்பட்டதை மறுப்பதே தேர்வு. கொடுக்கப்படாததை இழந்து நிற்பது தேர்வு அன்று. எனவே, வழக்கறிஞர் உதவி உறுதியாகக் கிடைக்கும் இடத்தில்தான், தாமே வாதிடும் உரிமை என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு.

அவ்வாறு கிடைத்தபின்னும் ஒருவர் தாமே பேச விழைந்தால்? தம் மகவைக் குறித்துத் தம் வாயால் பேசுவதைத் தடுத்தல் அவர் மானத்தைப் புண்படுத்தும். அறியாதவர் வாயால் பேசப்படும் வாழ்க்கையில் பல உண்மைகள் விடுபட்டும் போகும். ஆதலின் பேசவிடுக, ஆயின் சட்டம் அறிந்தவர் ஒருவரை அருகிலும் அமர்த்துக. காலம் கடத்தும் தந்திரமாக அது மாறுமாயின் நீதிபதி தடுக்கட்டும்.

உரிமை நீங்குவதே முடிவாயினும், தாம் கேட்கப்பட்டோம் என்னும் நிறைவோடு பெற்றவர் வெளியேறுதல் வேண்டும். பின்னாளில் அக்குழந்தை வளர்ந்து, தன் தாய் என்ன சொன்னாள் என்று வினவினால், அதற்கு விடை இருத்தல் வேண்டும். நீதிமன்றம் குழந்தைக்குச் செய்யும் கடன்களுள் இதுவும் ஒன்று என்பதே நம் துணிபு.