எலியின் இரண்டாவது வருஷம்

எலியைச் செல்லமாக வளர்ப்பது பற்றிக் கட்டுரை எழுதினால் நண்பர்கள் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எலி என்றால் நமக்குப் பொறி, பாஷாணம், நெல் மூட்டையில் ஓட்டை. மிஞ்சினால் பிள்ளையாரின் காலடி. ஆனால் இங்கிலாந்தில் நூறு வருஷங்களுக்கு மேலாக எலியை மடியில் வைத்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடையே நடக்கும் ஒரு விவாதம் நம்முடைய இலக்கியச் சண்டைகள் பலவற்றை விடக் கூர்மையானதாக எனக்குப் படுகிறது. ஒரு உயிரைப் பிறக்கச் செய்கிறவன் அதன் பிறப்புக்கு மட்டும் பொறுப்பாளியா, அல்லது அது கிழடாகிச் சாகும் விதத்துக்கும் பொறுப்பாளியா என்பதே அந்த விவாதம்.

இந்த எலிகள் மனிதன் மடிக்கு வந்த வழியே விசித்திரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் எலிகளைக் குழியில் கொட்டி, ஒரு நாய் எத்தனை நிமிஷத்தில் எத்தனை எலிகளைக் கொல்கிறது என்று பந்தயம் கட்டினார்கள். எலி பிடிக்கிறவர்களுக்கு நல்ல கிராக்கி. விக்டோரியா மகாராணியின் எலிபிடிப்பவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், அகப்பட்டவற்றில் நிறம் மாறியிருந்தவற்றை ஒதுக்கி வைத்து, இனம் பெருக்கி, கூண்டில் வைத்துக் கொஞ்ச விரும்பிய சீமாட்டிகளுக்கு விற்றார். ஹென்றி மேஹ்யூ அவரைச் சந்தித்து எழுதியிருக்கிறார். 1901இல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் சுண்டெலிச் சங்கத்தின் கண்காட்சியில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. 1921இல் அவர் இறந்தபின் உற்சாகம் தேய்ந்தது. 1976இல் எலிகளுக்கென்றே நேஷனல் ஃபேன்ஸி ராட் சொஸைட்டி ஏற்பட்டது. நிறத்துக்கும் புள்ளிக்கும் ரோமத்துக்கும் இலக்கணம் வகுத்தார்கள். நடுவர்கள் வந்தார்கள், பரிசுகள் வந்தன. ஆக, கொலைக்குழியிலிருந்து எலியை மீட்டது அதன் நிறம். கருணை பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. அழகுணர்ச்சியைக் கேலி செய்கிற தார்மிகவாதிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆனால் அழகுணர்ச்சிக்காரர்களும் யோசிக்க வேண்டிய விஷயம் உண்டு. உருவம், உள்ளடக்கம் என்று நாம் பல காலமாகப் பேசி வருகிறோம். எலியின் கருவில் இந்தப் பிரச்னை உவமையாக இல்லாமல் ஸ்தூலமாகவே இருக்கிறது. தோலுக்கு நிறம் தருகிற செல்களும், பெருங்குடலை அசைக்கும் நரம்பு செல்களும், கருவில் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு உடம்பெங்கும் பரவுகிறவை. சில வம்சங்களில் இந்தப் பயணம் பாதியில் நின்றுவிடுகிறது. நிறம் போய்ச் சேராத இடம் அழகான வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. நரம்பு போய்ச் சேராத குடல் அசையாமல், மலம் கட்டி, வயிறு வீங்கிக் குட்டி செத்துப்போகிறது. வெள்ளைத் திட்டுள்ள எலிகளெல்லாம் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் திட்டை மட்டும் பார்த்து ஜோடி சேர்க்கிறவன், தான் எதைப் பெருக்குகிறோம் என்று அறியாமல் பெருக்குகிறான். வாலில்லாத எலியும் அப்படித்தான். உடம்பின் சூட்டை வெளியேற்றவும் நிதானம் தவறாமல் ஏறி இறங்கவும் எலிக்கு வால் வேண்டும். வாலை இல்லாமல் செய்கிற மாறுதல் முதுகெலும்பையும் தொட்டுவிடக்கூடும். இதற்கு மாறாக, காது தாழ்ந்து அகன்ற எலிகளுக்கு அந்தக் காதினால் கெடுதல் எதுவும் தெரியவில்லை. எனவே குற்றம் அழகைத் தேடியதில் இல்லை. அழகைத் தோலோடு நிறுத்திக்கொண்டு பார்த்ததில் இருக்கிறது.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. கஷ்டமான பகுதி காலம் சம்பந்தப்பட்டது. எலியின் ஆயுள் இரண்டிலிருந்து மூன்று வருஷம். பிறந்த ஐந்தாறு வாரத்தில் இனம் பெருக்கும் சக்தி வந்துவிடுகிறது. சினைக்காலம் 21 முதல் 23 நாட்கள். ஒரு ஈற்றில் எட்டுப் பத்துக் குட்டிகள் சாதாரணம். ஈன்ற ஒரு நாளைக்குள் மறுபடி சினையாகவும் முடியும். நோய்களோ நிதானமாக வருகின்றன. பெண் எலியின் பால் சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடை இடுக்குவரை பரவியிருக்கிறது. ஒன்றரை வயதை ஒட்டி அதில் எங்காவது கட்டி கிளம்பும். பெரும்பாலும் உயிரைக் குடிக்கும் ஜாதி இல்லை என்றாலும், எலி இழுத்துக்கொண்டு நடக்கவேண்டிய அளவுக்கு வளரும். மூளையடிச் சுரப்பியில் கட்டி வந்தால் முன்னங்காலால் உணவைப் பிடிக்கத் தெரியாமல் போகும். மைக்கோப்ளாஸ்மா என்ற கிருமி பெரும்பாலான எலிகளின் மூச்சுப் பாதையில் தாயிடமிருந்தே வந்து குடியிருக்கிறது. மருந்தால் அடக்கலாம், ஒழிக்க முடியாது. கூண்டைச் சுத்தமாக வைக்காவிட்டால் மூத்திரத்தின் நெடி அதைத் தூண்டிவிடும். சில வம்சங்கள் தாங்குகின்றன. சில வம்சங்கள் ஒரு வயதிலேயே இரைக்க ஆரம்பிக்கின்றன.

பற்று வரவு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இதில் தேதிகள்தான் கண்ணில் படுகின்றன. இனம் பெருக்குகிறவனுக்கு வரவு ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள், குட்டி கைமாறும்போது. செலவு பதினெட்டாவது மாதத்தில், வேறொருவர் வீட்டில். கடனை வாங்கியவர் ஒருவர், தவணை வரும்போது வீட்டில் இருப்பவர் வேறொருவர். யாரும் பொய் சொல்லவில்லை. விற்ற அன்று குட்டி ஆரோக்கியமாகத்தான் இருந்தது.

பீட்டர் மெடவார் 1952இல் வெளியிட்ட ஒரு சொற்பொழிவில், இயற்கை ஏன் முதுமையைச் சரிசெய்யவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் சொன்னார். இனம் பெருக்கி முடிந்தபிறகு வருகிற கேட்டை இயற்கைத் தேர்வு அநேகமாகக் கவனிப்பதில்லை. அது தன்னை வெளிப்படுத்திக்கொள்வதற்குள் அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டிருக்கும். காட்டு எலிக்கு இது பெரிய விஷயமில்லை, அது முதுமை அடையும் முன்பே பெரும்பாலும் பூனைக்கோ ஆந்தைக்கோ இரையாகிவிடும். பாதுகாப்பான கூண்டும் வேளைக்குச் சாப்பாடும் கொடுத்து, இயற்கை கனவிலும் காணாத ஒரு இரண்டாவது வருஷத்தை எலிக்கு உண்டாக்கியவன் மனிதன். உண்டாக்கிவிட்டு, அந்த வருஷத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க மறுக்கிறான். பாம்புகளுக்குத் தீனியாக மொத்தமாகப் பெருக்கும் இடங்களிலிருந்து கடைகளுக்கு வருகிற எலிகள் பல. அவற்றின் முதுமையைப் பற்றி யாரும் குறித்து வைப்பதில்லை. முதுமை என்று ஒன்று அவற்றுக்கு வரப்போவதாக யாரும் நினைக்கவில்லையே!

இங்கே தத்துவ ரீதியாக ஒரு சங்கடமான ஆட்சேபம் எழுகிறது. டெரக் பார்ஃபிட் 1984இல் மனிதர்களை வைத்து எழுப்பிய கேள்வி எலிக்கும் பொருந்தும். இன்னும் ஆறு மாதம் பொறுத்து, நல்ல வம்சத்தில் ஜோடி சேர்த்திருந்தால் பிறந்திருப்பது இந்த எலி இல்லை, வேறு எலி. இந்த எலிக்குக் கட்டியோடு கூடிய இந்த வாழ்வு அல்லது வாழ்வே இல்லை என்ற இரண்டுதான் சாத்தியம். அப்படியானால் இதற்கு யார் என்ன தீங்கு செய்தார்கள்? மேலும் அது வாழ்ந்த மாதங்களில் சந்தோஷமாகத்தானே இருந்தது? எலிகளைக் கூச்சம் காட்டினால் நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஸ்தாயியில் சிரிப்பைப் போன்ற ஒலி எழுப்புகின்றன என்று ஜாக் பாங்க்ஸெப் 1990களின் பிற்பகுதியில் கண்டார். அந்தச் சந்தோஷத்தை இல்லை என்று நான் சொல்ல முடியாது.

இந்த ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த எலிக்கு அநியாயம் நடந்தது என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் குறை சொல்ல ஒரு பாதிக்கப்பட்டவர் கையோடு நின்றாக வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நியாயம். தார்மிகம் அதோடு தீர்ந்துவிடுவதில்லை. பார்ஃபிட்டும் அங்கே நின்றுவிடவில்லை. யாருக்கும் முன்பை விட மோசமாகாவிட்டாலும், இரண்டு சாத்தியங்களில் துன்பம் கூடியதைத் தேர்ந்தெடுப்பது தவறுதான் என்ற பக்கமே அவர் சாய்கிறார். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். இனம் பெருக்குகிறவனுக்குத் துன்பம் தெரியாமல் போவது தற்செயல் இல்லை. தேதிகள் அவனுக்குச் சாதகமாக அமைந்திருக்கின்றன, அந்தச் சாதகத்தை அவன் ஏற்றுக்கொள்கிறான். தெரிந்து செய்கிற கொடுமையை விட, தெரிந்துகொள்ளாமல் இருக்கும் வசதியே உலகத்தில் அதிகத் துன்பத்தை உண்டாக்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் பெருக்கவே வேண்டாம் என்று சொல்லலாம். அது முரணற்ற நிலை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் எலி விஷயத்தில் அக்கறையுள்ளவர்கள் விலகிக்கொண்டால் எலிகள் பிறப்பது நிற்காது. அக்கறையில்லாதவர்கள் கையில் மட்டும் பிறக்கும்.

அக்கறையுள்ளவர்கள் செய்வது என்ன? பெண் எலியைக் கிழடாகும்வரை வைத்துப் பார்த்துவிட்டுச் சினைப்படுத்த முடியாது, அதற்குள் அதன் கருவளம் போய்விடும். ஆகவே அதன் பாட்டியை, பாட்டியின் உடன்பிறந்தவற்றைப் பார்க்கிறார்கள். ஆண் எலி நீண்டகாலம் பலத்தோடு இருக்கும். அதனால் இளசை விட்டு, ஒன்றரை வயதிலும் இரைக்காத கிழவனை ஜோடியாகத் தேர்கிறார்கள். ஒவ்வொரு ஈற்றிலும் சிலவற்றைத் தம்மிடமே வைத்து, சாகும்வரை பார்த்துக்கொள்கிறார்கள். விற்ற குட்டி எப்போது, எதனால் செத்தது என்று வாங்கியவரிடம் விடாமல் கேட்டு நோட்டுப்புத்தகத்தில் எழுதுகிறார்கள். நெருங்கிய உறவில் ஜோடி சேர்ப்பதே பாவம் என்று பலர் நினைப்பதும் முழு உண்மையில்லை. பிலடெல்பியாவின் விஸ்டார் இன்ஸ்டிட்யூட்டில் ஹெலன் டீன் கிங், சகோதர சகோதரி எலிகளையே 25 தலைமுறைகள் சேர்த்தார். தேர்ந்தெடுத்துச் சேர்த்ததால் வம்சம் நலிவடையவில்லை என்று 1918 முதல் எழுதினார். உறவு மறைந்திருப்பதை வெளிக்கொணர்கிறது. வெளிவந்ததை என்ன செய்வது என்பது நம் பொறுப்பு. ஆனால் அவர் தேர்ந்தது வளர்ச்சியையும் கருவளத்தையும், அதாவது இளமையின் குணங்களை. நோட்டுப்புத்தகக்காரர்கள் தேர்வது முதுமையின் குணங்களை. இயற்கை பார்க்காததைப் பார்ப்பது என்று இதைத்தான் சொல்கிறேன்.

இது மெதுவான வேலை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஈற்றுக்கு மேல் நடக்காது. பரிசு கிடைக்காது, ஏனெனில் நடுவரின் மேஜைக்கு வருகிற எலி இளம் எலி. நம் பத்திரிகைகளிலும் புதிதாக வருவதைக் கொண்டாடுகிற விமர்சகர்கள் இருக்கிறார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். புத்தகத்துக்கு வலிக்காது என்பதால் எங்களால் பெரிய சேதம் இல்லை. எலிக்கு வலிக்கும். அதனால் ஒரு எலியைப் பார்த்து அழகு என்று சொல்கிறவன், அதன் பாட்டி எப்படிச் செத்தாள் என்று கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது.