திரும்பிப் போகும் வழியை அடைப்போம்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் ஷிஃப்ட் பார்க்கும் பலர் இந்த ஜும்ஆவில் இருக்கிறீர்கள். மெஷினில் அலாரம் அடித்தால் ரீசெட் பட்டனை அழுத்தலாம், சத்தம் நின்றுவிடும். ஆனால் கோளாறைச் சரிசெய்யாவிட்டால் சிறிது நேரத்தில் மறுபடியும் அடிக்கும். நம்மில் பலருடைய தவ்பாவும் இப்படித்தான் இருக்கிறது. ரமளானில் அழுகிறோம், ஷவ்வாலில் பழைய இடத்துக்கே போய்விடுகிறோம்.

அர்ரஃது அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் நமக்குத் தரும் பாடம் என்ன? நம் நிலை மாற வேண்டுமானால், மாற்றம் முதலில் நமக்குள் தொடங்க வேண்டும். அந்த மாற்றம் நிலைக்க என்ன வழி?

நூறு கொலை செய்த மனிதரின் வரலாற்றை நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது உள்ளது. எனக்கு மன்னிப்பு உண்டா என்று அவர் கேட்டபோது, உண்டு என்றார் ஓர் அறிஞர். அதோடு நிறுத்தவில்லை. உன் ஊர் கெட்ட ஊர், அங்கே திரும்பாதே, அல்லாஹ்வை வணங்கும் மக்கள் வாழும் ஊருக்குப் போ என்றும் சொன்னார். அவர் வழியிலேயே இறந்தார். நல்ல ஊருக்கு ஒரு சாண் அருகில் இருந்ததால் ரஹ்மத்துடைய மலக்குகள் அவரைக் கொண்டு சென்றார்கள். அவர் போய்ச் சேரவில்லை, புறப்பட்டுவிட்டார், அவ்வளவுதான்!

மது தடை செய்யப்பட்ட அறிவிப்பு வந்தபோது அபூ தல்ஹா (ரலி) வீட்டில் மது பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது. கொட்டிவிடச் சொன்னார்கள். பரிமாறிய அனஸ் (ரலி) கொட்டினார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. இருப்பதைக் குடித்துவிட்டு நாளை முதல் நிறுத்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. சட்டம் படிப்படியாகத்தானே வந்தது, நானும் படிப்படியாக விடுகிறேன் என்று இன்று நாம் சொல்ல முடியாது. அந்தப் படிகள் முடிந்துவிட்டன.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனம் மதுவோடு சேர்த்தே சூதாட்டத்தையும் தடுக்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து படுக்கையில் செல்போனில் ஆடும் பணம் கட்டும் ரம்மியும் அதுதான். சம்பளம் வந்த அன்றே பாதி போய்விட்டது என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது எனத் தவிக்கும் சகோதரரே, உங்களிடம்தான் பேசுகிறேன். அந்தச் செயலியை இன்றே அழியுங்கள். சம்பளக் கணக்கைச் சில மாதம் மனைவியோ தாயோ பார்க்கட்டும். கூட்டாளிகளோடு டாஸ்மாக் பக்கம் போகும் பழக்கம் உள்ளவர், வீட்டுக்குப் போகும் பாதையை மாற்றுங்கள். அறையில் உடன் தங்குபவர்களே இழுத்தால் அறையை மாற்றுங்கள். இதில் வெட்கம் எதுவும் இல்லை. அந்த அறிஞர் ஊரையே மாற்றச் சொன்னார்!

தவ்பாவுக்கு இமாம் நவவி (ரஹ்) அவர்கள் சொல்லும் நிபந்தனைகள்: பாவத்தை விடுவது, வருந்துவது, திரும்பமாட்டேன் என உறுதிகொள்வது. அடியாரின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பதும் சேரும். மனைவிக்குத் தெரியாமல் அடகு வைத்த நகை இந்தக் கணக்கில் வரும். மாதம் ஆயிரம் ரூபாயாவது ஒதுக்கி அதை மீட்கத் தொடங்குங்கள்.

விட்ட இடம் காலியாக இருந்தால் பழையது வந்து உட்காரும். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்ற கருத்தை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆகவே ஒரேயடியாகப் பெரிய நஃபில்களை ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஐந்து வேளை பர்ளை ஷிஃப்டுக்குத் தக்கபடி நேரத்தில் காப்பாற்றுங்கள். கம்பெனி பஸ்ஸில் தினமும் அரைப் பக்கம் குர்ஆன் ஓதுங்கள்.

தவறிவிட்டால்? மறுபடியும் தவ்பா செய்யுங்கள். இனி நமக்கு ஆகாது என்று நம்பிக்கை இழக்கவைப்பது ஷைத்தானின் வேலை. நூறு கொலை செய்தவருக்கே திறந்திருந்த வாசல் நமக்கும் திறந்தே இருக்கிறது.

யா அல்லாஹ், எங்கள் தவ்பாவை ஏற்றுக்கொள்வாயாக! விட்ட பாவத்துக்குத் திரும்பாமல் எங்கள் கால்களை உறுதிப்படுத்துவாயாக! எங்கள் உழைப்பின் ஊதியத்தில் பரக்கத் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.