தட்டிப் பார்க்காத முகம்

திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில் குடம் வாங்குகிறவன் பளபளப்பை மட்டும் நம்பிக் காசு கொடுப்பதில்லை. பித்தளையோ செம்போ, கையில் எடுத்து விரல் முட்டியால் தட்டுவான். ஓசை பிசிறினால் எங்கோ விரிசல், திருப்பி வைத்துவிடுவான். கவிழ்த்து அடியைப் பார்ப்பான். அப்புறம் தராசு, கிலோ கணக்கு, பேரம். பாலீஷ் போட்டால் எதுவும் மின்னும் என்பது பட்டறை ஊரில் பிறந்த பிள்ளைக்கே தெரியும். அதே ஆள், பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய சினிமாப் பத்திரிகையை எப்படி வாங்கினான்? அட்டையில் ஒரு முகம் இருந்தது, வாங்கினான். தட்டியதும் இல்லை, கவிழ்த்துப் பார்த்ததும் இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தோதான வட்டாரம் இது. பெரியாரின் ‘குடி அரசு’ 1925-ல் புறப்பட்ட ஈரோடு பக்கத்து ஊர். பெரியாரும் அண்ணாவும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டது 1934-ல், திருப்பூரில் நடந்த ஒரு வாலிபர் மாநாட்டில். கல்லுக்கு முன்னால் கைகட்டி நிற்காதே என்று ஊர் ஊராக மேடை போட்டுச் சொன்ன பூமி. கோயில் வாசலை மிதித்து வருஷக்கணக்காகிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல இங்கே டீக்கடைக்கு ஒருவராவது இருப்பார். அவர் வீட்டுச் சுவரைப் போய்ப் பாருங்கள். சாமிப்படம் இறங்கிய ஆணி பல வீடுகளில் சும்மா இருக்கவில்லை; ஒரு நடிகர் ஏறியிருக்கிறார்.

சிலைக்குக் கடைசியில் செய்கிற வேலை கண் திறப்பு. உளி கருவிழியைக் கீறும்வரை அது கல், கீறியபிறகு சாமி. சினிமாப் பத்திரிகைக்கு அட்டை தயாரித்தவர் செய்ததும் கிட்டத்தட்ட அதே சடங்குதான். வந்து குவிகிற ஸ்டில்களில் பக்கவாட்டில் பார்ப்பது, குனிந்திருப்பது, சிரித்தபடி வேறெங்கோ திரும்புவது எல்லாம் உள்பக்கத்துக்குப் போகும். கேமராவை நேருக்கு நேர் பார்த்த முகம் அட்டைக்கு வரும். அச்சாகிவிட்டால் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தக் கண் உங்களையே பார்க்கும். ஷிப்ட் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவனுக்கும், பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணுக்கும் ‘நம்மைப் பார்க்கிறார்’ என்று ஒரு நொடி தோன்றும். வியாபாரம் அந்த நொடியில் முடிந்துவிடும்.

மற்றதெல்லாம் பக்கவாத்தியம். கடைக் கயிற்றில் புத்தகங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தொங்கும். முழு அட்டை தெரியாது. உச்சியும் ஓரமும்தான் தெரியும். ஆகவே பத்திரிகையின் பெயர் உச்சியில், தடித்த எழுத்தில். நடிகரின் தலைமுடி அந்த எழுத்தின்மேல் கொஞ்சம் ஏறி மறைக்கும். பெயரையே மறைக்கிற அளவுக்குப் பெரிய ஆள் என்று நாம் சொல்லாமலே புரிந்துகொள்வோம். தூரத்துக்கு எட்டுகிற சிவப்பும் மஞ்சளும். பிறகு, கேள்விக்குறி. ‘இருவருக்கும் கல்யாணமா?’ என்று அட்டையில் கொட்டை எழுத்து. உள்ளே எங்கோ ஒரு மூலையில் மூன்று வரி, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று. பொய் சொன்னாய் என்று சட்டையைப் பிடிக்க முடியாது. கேட்கத்தானே செய்தோம் என்பார்கள். தமிழ்நாட்டில் கேள்விக்குறியால் காசு பார்த்தவர்கள் இவர்கள்தான். எதையும் கேள்வி கேள் என்று சொன்ன இயக்கத்துக்குக் கடன்தான் மிஞ்சியது.

திருப்பூர்க்காரருக்கு ஒரு வசதி உண்டு. துணியில் கண்ணி எண்ணுகிற சின்ன மடக்கு லென்ஸ் இங்கே புதிய பொருள் இல்லை. அதை ஒரு சினிமா அட்டையின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கன்னம் காணாமல் போகும். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள், ஒட்டியும் விலகியும், இடையிடையே வெற்றுக் காகிதம். புள்ளி பெருத்த இடம் நிழல், சிறுத்த இடம் வெளுப்பு. டி-ஷர்ட்டில் படம் அடிக்கிற பிரிண்டிங் பட்டறைப் பையனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறத்துக்கு ஒரு பிலிம், ஒரு ஸ்கிரீன், ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு. மாநிற முகத்தைச் சிவப்பாக்க எந்தப் புள்ளியைக் குறைக்க வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். பகலெல்லாம் முகம் செய்கிறவன், படம் ரிலீசாகும் அன்றைக்கு விடியற்காலையில் அதே முகத்தின் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றப் போகிறான். கல்லைக் கொத்திய சிற்பியே அதைக் கும்பிடுகிறானே என்று கேலி பேசிய நாம், இதை ரசனை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

அட்டையைக் கவிழ்த்தால் இன்னொன்று தெரியும். முன்பக்கத்தில் புள்ளி குறைத்து வெளுத்த ஒரு நடிகை. பின்பக்கத்தில் அடிக்கடி ஒரு சிவப்பழகு கிரீம். குறையை உண்டாக்குவது முன்னட்டை, மருந்து விற்பது பின்னட்டை. நடுவில் இருக்கிற பக்கங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்டேப்பிள் பின்னுக்காகத்தான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். 1975-ல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-ல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டது. பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிற பெண்ணின் மனசிலிருந்து அதை யார் எடுப்பார்கள்? சனிக்கிழமை வாங்கும் வாரக்கூலியில் அந்தக் குழாய்க்கு ஒரு பங்கு போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அழகை ரசிப்பது பாவம் என்று சொல்கிற கட்சி நான் இல்லை. அந்தக் காலத்து ஆனந்த விகடன் அட்டையில் மாலியும் பிறகு கோபுலுவும் ஒரு நகைச்சுவைப் படம் போடுவார்கள். காசு கொடுக்காமலே, கடையில் தொங்கும்போதே பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். அட்டையிலேயே சரக்கைக் கொடுத்துவிட்ட அட்டை அது. சினிமா அட்டை கொடுக்கவில்லை, உள்ளே இருக்கிறது என்றது. 1942-ல் தொடங்கிய ‘பேசும் படம்’, 1966-ல் வந்த ‘பொம்மை’ போன்றவற்றின் உள்ளேயாவது படம் எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஏதாவது கிடைத்தது. போகப்போக மற்ற வார இதழ்களும் முகத்துக்கு மாறின. விவசாயிகள் கட்டுரைக்கும் நடிகை, சாயக்கழிவில் செத்த நொய்யல் ஆற்றுக்கும் நடிகை. நல்ல விஷயத்தை நாலு பேருக்குக் கொண்டுபோக அட்டையில் ஒரு முகம் வேண்டியிருக்கிறது என்று ஆசிரியர்கள் நியாயம் சொல்வார்கள். முகத்துக்காக வாங்கியவன் நொய்யலைப் படித்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

இந்த ஆவல் யாரையும் காயப்படுத்தாத பொழுதுபோக்கு என்பதும் சரியில்லை. ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ என்று நடிகர்களின் படுக்கையறையை விற்றுப் பிழைத்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்துப்பட்டுச் செத்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் அந்தக் கொலை வழக்கில் தண்டனை பெற்று, 1947-ல்தான் விடுதலையானார்கள். பாகவதரின் கொடி அதன்பிறகு பழையபடி பறக்கவில்லை. அந்தப் பத்திரிகையை வாங்கி, ஒளித்து வைத்துப் படித்த ஆயிரக்கணக்கானவர்கள் மேல் எந்தக் கோர்ட்டும் வழக்குப் போடவில்லை.

திருப்பூரில் சந்தித்த இரண்டு பேரும் இந்த விஷயத்தில் இரண்டு பாதையில் போனார்கள். பெரியாருக்குச் சினிமா என்றாலே ஆகாது. அண்ணா அதையே கருவியாக எடுத்துக்கொண்டார். ‘வேலைக்காரி’யும் ‘நல்லதம்பி’யும் 1949-ல் வந்தன. கருவி நன்றாகவே வேலை செய்தது. 1967 ஜனவரி 12-ல் எம்.ஆர்.ராதா சுட்டபிறகு (சுட்டவரும் சுயமரியாதைக்காரர்தான்), கழுத்தில் கட்டுப்போட்ட எம்.ஜி.ஆர். படம் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஏறியது. பிரசாரத்துக்கே போகாமல் அவர் பரங்கிமலையில் ஜெயித்தார். அண்ணாவின் தி.மு.க. கோட்டையைப் பிடித்தது. அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் அதைவிடப் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பற்றி வாதம் செய்யலாம். கட்டுப்போட்ட கழுத்தோடு யார் வாதம் செய்வது? பகுத்தறிவு இயக்கத்தின் வாரிசுகள் தங்கள் மிகப்பெரிய வெற்றியைப் பெற்றபோது, கேள்விக்கு இடமில்லாத ஒரு படமும் கூடவே நின்றது. அன்றிலிருந்து இந்த மாநிலத்தில் யாரும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

பெட்டிக்கடைக் கயிறு இப்போது பெரும்பாலும் காலி. சினிமாப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை போய்விட்டன, அட்டை மட்டும் செல்போனுக்குள் குடியேறிவிட்டது. யூடியூப் தம்ப்நெயிலைப் பாருங்கள்: அதே நேர்பார்வை, அதே மஞ்சள் எழுத்து, அதே கேள்விக்குறி, புதிதாக ஒரு சிவப்பு வட்டமும் அம்புக்குறியும். பழைய அட்டை எல்லோருக்கும் ஒன்று. நான் ஏமாந்தால் பக்கத்தில் இருப்பவனும் ஏமாந்தான், சேர்ந்து திட்டினோம். இப்போது பனியன் கம்பெனியில் கைமடிக்கிற பெண்ணுக்கு ஒன்று, கட்டிங் மாஸ்டருக்கு வேறொன்று. தனித்தனியாக ஏமாறுகிறோம், திட்டக்கூடத் துணை இல்லை.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பர்பாளையத்துச் சலூனில், முறைக்காகக் காத்திருந்தபோது பேசிக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு பட்டறைக்காரர் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, உங்க கட்சிப் பொஸ்தகத்து அட்டையில யாரு படமுங்க?”

“பெரியார்.”

“அதும் மூஞ்சிதானுங்களே.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வெள்ளைத் தாடி, கறுப்புச் சட்டை, மூக்குக் கண்ணாடி. எந்த டிசைனரும் இதைவிட நல்ல அடையாளம் வரைந்து தரமாட்டார். திருப்பூரில் எத்தனையோ டி-ஷர்ட்டில் அடித்தாகிவிட்டது. லென்ஸை வைத்தால் அந்தத் தாடியும் புள்ளிதான். நான் சொல்கிறேன் என்பதற்காக ஏற்காதே, உன் புத்திக்குப் பட்டால் எடுத்துக்கொள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவரைத் தட்டிப் பார்க்காமல் மார்பில் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் நமக்குள் இல்லையா? பட்டறைக்காரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “சரிங்க, அந்தச் சட்டை போட்டவனைப் பார்த்தீங்கன்னா, அவரு எழுதுனதுல எதைப் படிச்சேன்னு கேளுங்க. பதில் இல்லைன்னா, அவனையும் பால் ஊத்தறவங்க கணக்குல சேர்த்துக்கலாம்.” அவர் விடவில்லை. “முதல்ல நீங்க எதைப் படிச்சீங்கன்னு சொல்லுங்க” என்றார். முடிவெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். அடுத்த அரைமணி நேரம் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ புத்தகத்தைப் பற்றித்தான் அங்கே சண்டை.