ஊழிக்காலத்தில் யாருடைய முகம்?

ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ 1982இல் வெளிவந்தது. கதை நடக்கும் காலம் 2019 நவம்பர். நச்சு மழை ஓயாத லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் ஆசிய முகங்கள் நெருக்கியடிக்கின்றன. ஆனால் அடிமைகளாகப் படைக்கப்பட்டு, உயிர்வாழும் உரிமை கேட்டு ஓடிவரும் செயற்கை மனிதர்களாக நடித்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அடிமைத்தனத்தின் வலியைப் பேசும் படத்தில் கறுப்பினத்தவருக்குக் குறிப்பிடத்தக்க பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

அதே 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நீளும் தோல் பதனிடும் வட்டாரத்தில் படம் காட்டிய அழிவு அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியிருந்தது.

இங்கே கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கலியுக முடிவு, கியாமத் நாள், நியாயத்தீர்ப்பு என்று உலக முடிவைப் பற்றி மூன்று மரபுகளும் பேசுகின்றன. செய்தவன் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பதில் மூன்றுக்கும் பேதமில்லை. இந்த வட்டாரத்தின் பாலாற்றங்கரையிலோ அழிவு முதலில் வந்துவிட்டது. கணக்கு மட்டும் வரவில்லை.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தொழிலில் பிற்பாடு குரோமியம் புகுந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைத் தூக்கிப்போட்டு, சவ்வு நீக்கி, டிரம்மில் சுழற்றினால் நீலம் பாய்ந்து ஈரத்தோலாக வெளியே வரும். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்றும் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. அந்தச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்களில் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும் ஏராளம்.

2015 ஜனவரி 31 அதிகாலை. ராணிப்பேட்டையில் தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்தது. கழிவுச் சேறு பாய்ந்து பத்துத் தொழிலாளர்கள் தூக்கத்திலேயே மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இதைத் தலையெழுத்து என்று சொல்லலாமா? தூங்கிக்கொண்டிருந்தவன் செய்த வினைதான் என்ன? முன்வினை என்று கைகாட்டிவிட்டால் இந்தப் பிறவியில் செய்தவன் தப்பித்துக்கொள்கிறான். அந்த வகையில் 1996 தீர்ப்பு வெறும் சட்டப் பிரச்சினையைத் தாண்டிய ஒன்று. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு விதித்தபோது, வினைப்பயனை மறுபிறவிக்குத் தள்ளிப்போடாமல் இங்கேயே, இப்போதே கேட்டது.

எதிர்கால அழிவைக் காட்டும் படங்களை உரைத்துப் பார்க்க இந்தத் தீர்ப்பைவிட நல்ல கல் கிடைக்காது. யார் செய்தார், யார் சுமக்கிறார் என்று படம் சொல்கிறதா? பி.டி. ஜேம்ஸின் நாவலை 2006இல் ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ ஆக்கிய அல்போன்ஸோ குவாரோன், குழந்தையே பிறக்காத உலகில் கருவுறும் பெண்ணை ஆப்பிரிக்க அகதியாக மாற்றினார். அந்த ஒரு மாற்றத்தில் கதையின் அறமே இடம் மாறியது. விரட்டப்பட்டவளிடம்தான் உலகின் நாளை இருக்கிறது. 2024இல் வந்த ‘கல்கி 2898 ஏ.டி.’யிலும் கருவுற்ற பெண்தான் மையம். மகாபாரதத்தில் கருவிலிருந்த சிசுவைத் தாக்கிய அசுவத்தாமன் பல்லாயிரம் ஆண்டு கழித்து ஒரு கருவைக் காக்க வருகிறான். வினைக்குக் கணக்கு தீர்க்கும் அருமையான கற்பனை அது. ஆனால் தண்ணீருக்குத் தவிக்கும் காசிவாசிகள் பெரும்பாலும் பின்னணியாகவே நின்றுவிடுகிறார்கள். கங்கை ஏன் வற்றியது என்று கேட்கும் தொழிலாளி ஒருவர் கதையின் நடுவில் இருந்திருந்தால் படத்தின் எடை கூடியிருக்கும்.

தமிழ் இயக்குநர்கள் அந்தத் தொழிலாளியை நடுவில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். சாதியையும் மதத்தையும் மழுப்பாமல், தோல் ஷாப் எனப்படும் பதனிடும் ஆலையில் கையுறையில்லாமல் நிற்பவருக்குப் பெயரும் வசனமும் கோபமும் கொடுத்து எடுக்க வேண்டும். கதை இன்னும் முடியவில்லை: பாலாற்றுப் பாதிப்புக்கு இழப்பீடு கொடுங்கள் என்று 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.