துடிப்பது தசை, அழிவது நம் நாட்கள்

இந்த அச்சத்தைப் பற்றிப் பேசுவதை நாளைக்கென்று ஒத்திப்போட நேரமில்லை. கெண்டைக்கால் சதை துடிக்கிறது, கண்ணிமை துடிக்கிறது, கட்டைவிரல் தானாக அசைகிறது என்று நம் பிள்ளைகள் நள்ளிரவில் கைபேசியைத் திறக்கிறார்கள். திறந்தவுடன் ஏ.எல்.எஸ். என்ற பெயர் எதிரே வந்து நிற்கிறது. ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் அமர்த்திய அதே நரம்பு நோய். அந்த இரவிலிருந்து அவர்கள் வாழ்வதை விட்டுவிட்டுத் தங்களைச் சோதிப்பதையே தொழிலாகக் கொள்கிறார்கள். கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்க்கிறார்கள். குதிகாலால் நடந்து பார்க்கிறார்கள். இரண்டு கால்களையும் நாடா வைத்து அளந்து பார்க்கிறார்கள்.

கண் துடித்தால் சகுனம் பார்த்த நம் பாட்டிமார்கூட, அதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். நாம் போவதில்லை. அங்கேயே நிற்கிறோம்.

உண்மையைக் கேளுங்கள். எப்போதாவது சதை துடிப்பது ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளதுதான். தூக்கம் கெட்டால் துடிக்கும். காபி கூடினால் துடிக்கும். உடல் களைத்தால் துடிக்கும். மனம் பதறினால் துடிக்கும். துடிப்பைக் கண்டு பதறினால் இன்னும் துடிக்கும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை, துடிப்பைத் தவிர வேறு நோய்க்குறி காணப்படாத 121 பேரைத் தொடர்ந்து கவனித்தது; சிலரை 30 ஆண்டுகளுக்கும் மேலாக. 1993-இல் அது வெளியிட்ட முடிவு: ஒருவருக்குக்கூட ஏ.எல்.எஸ். வரவில்லை.

அந்த நோயின் அடையாளம் வலுவிழப்பு. சட்டைப் பொத்தானைப் போட விரல் மறுக்கும். பாதம் தூக்காமல் தடுக்கும். பேச்சு குழறும். விழுங்கும்போது புரையேறும். தசை வற்றும். கால் தளர்ந்ததுபோல் தோன்றுவது வேறு. படியேற முடியாமலே போவது வேறு. இந்த வலுவிழப்பு அடையாளங்களில் ஒன்று உண்மையாகவே இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். துடிப்பு மட்டும்தான் என்றாலும், அச்சம் உங்களை விடாவிட்டால், ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அவர் முழங்காலைத் தட்டிப் பார்க்கட்டும், வலுவைச் சோதிக்கட்டும், தேவையென்றால் தசையில் ஊசியிட்டுப் பார்க்கும் இ.எம்.ஜி. எடுக்கட்டும். பிறகு அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். புதிதாக எதுவும் நேராதபோது அடுத்த மருத்துவமனை, அதற்கடுத்த மருத்துவமனை என்று அலையாதீர்கள். இப்படி அஞ்சியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாம் படித்த மருத்துவர்களே தங்கள் தசைத் துடிப்பைக் கண்டு இதே நோய்தானோ என்று நடுங்கியதை மருத்துவ ஏடுகள் எழுதியிருக்கின்றன.

வீட்டிலிருப்போரே, உங்களுக்கும் பொறுப்பு உண்டு. "எல்லாம் உன் பிரமை" என்று அஞ்சுபவரைத் தள்ளாதீர்கள். துடிப்பு மெய், பயமும் மெய். ஆனால் நாள் முழுக்க அவர் காலைத் தொட்டுப் பார்த்து "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டும் இருக்காதீர்கள். அந்த ஆறுதல் உப்புநீர் குடித்த தாகம்போல இன்னும் ஆறுதல் கேட்கும். அன்போடு ஒருமுறை சொல்லுங்கள். பிறகு கையைப் பிடித்து மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேடுவதையும் சோதிப்பதையும் படிப்படியாகக் கைவிடப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது. நரம்பில் நோயில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் தூங்க விடாத இந்த அச்சத்துக்கு மருத்துவம் வேண்டும்.

பார்வைகள் கூடவேண்டும் என்று "சதை துடிக்கிறதா? ஆபத்து!" எனத் தலைப்பிட்டுக் காணொளி போடுவோரே, அதைக் குடும்பக் குழுக்களில் படிக்காமலே பகிர்வோரே, உங்களால் தூக்கம் இழந்தவர்களுக்கு நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் எல்லோருமே சொல்ல வேண்டியிருக்கிறது. மடியில் வந்து உட்கார்ந்த குழந்தையின் கதையைக் கேட்காமல் நம் விரலையே பார்த்திருந்த மாலைகள் யாருடையவை? மனைவி பேசப் பேச நாம் மனதுக்குள் அறிகுறிகளை எண்ணிக்கொண்டிருந்த பயணங்கள் யாருடையவை? குழந்தை வளர்ந்துவிடும். பெற்றோர் மூப்படைந்துவிடுவார்கள். அந்த நாட்களை எந்தப் பரிசோதனை அறிக்கையும் திருப்பித் தராது.

இன்னொன்றையும் நினையுங்கள். அந்த நோய் உண்மையாகவே வந்தவர்கள் இருக்கிறார்கள். ஹாக்கிங்குக்கு 1963-இல், 21 வயதில் அது தெரிந்தது. அவர் அரிதான விதிவிலக்காக 2018 வரை வாழ்ந்தார். பெரும்பாலோருக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. அவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டு, இரவெல்லாம் மூச்சைக் கவனித்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் பெரிய வரம். தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் கதவைத் தட்டுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் கொடுங்கள்.

இப்படி நடுங்கிச் சாவதைவிட இப்போதே போய்விடலாம் என்ற எண்ணம் உங்களில் யாருக்கேனும் எட்டிப்பார்த்திருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் உறங்குபவரை எழுப்புங்கள். அவரிடம் சொல்லுங்கள். இன்றிரவே அழையுங்கள்.