பாட்டியின் இருபது வயது

மீஞ்சூரில் பாட்டுக் கேட்க நல்ல நேரம் விடிவதற்கு முன்புதான். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அப்போதும் ஓடும், ஆனால் ஹாரன் அடிக்க எதிரே ஆள் இருக்காது. இந்த வாரம் கேட்டது நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயியை. செல்போன் கடையில் மெமரி கார்டில் ஏற்றித் தரும் ‘கிராமியப் பாட்டு ஹிட்ஸ்’ வகையறாவில் நடுவே எங்கோ இருக்கிறார். அவருக்கென்று தனியாக ஒரு தொகுப்பு போட்டால் என்னென்ன வரும்? ‘ஆண்பாவம்’ படப் பாட்டுகளைப் பட்டியலில் எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

*

சிவகங்கைச் சீமையில் கொல்லங்குடி, வெட்டுடையார் காளியின் ஊர். கருப்பாயி வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர். 1985-ல் பாண்டியராஜன் தன் ‘ஆண்பாவம்’ படத்தில் பாட்டியாக நடிக்கவைத்துப் பாடவும் வைத்தார். இளையராஜா அந்தக் குரலை இழைத்து வழவழப்பாக்காமல் விட்டது பெரிய மரியாதை என்று எனக்குப் படும். கலைமாமணியும் கிடைத்தது. 2025 ஜூன் 14-ல் காலமானபோது வயது 99 என்றார்கள்.

அப்படியானால் படம் வந்தபோது அறுபதை நெருங்கியிருக்கிறார். இருபது வயதில் அவர் பாடிய காலம், நாடு விடுதலைக்குக் காத்திருந்த காலம். நம் கைக்கு வந்த கருப்பாயி, வரும்போதே பாட்டி.

*

பரவை முனியம்மாவும் அப்படித்தான். 2003-ல் ‘தூள்’ வந்த பிறகுதான் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தார். அங்கும் பாட்டி.

கிராமத்துப் பெண் சொந்தக் குரலோடு திரைக்குள் வர வேண்டுமென்றால் முடி நரைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. நாற்று நடுகிற குமரிக்குப் பாட எஸ். ஜானகி இருந்தார். ஜானகியைக் குறை சொல்ல நாக்கு வராது. குழந்தை, குமரி, கிழவி என்று எந்தக் குரலும் அவருக்கு வரும். கிழவியின் குரலில் பாட ஜானகிக்கு மைக் இருந்தது. குமரியாக இருந்தபோது பாடக் கருப்பாயிக்கு மைக் இல்லை. இதில் யார் மேலும் வழக்குப் போட முடியாது. ஆனாலும் உறுத்துகிறது.

*

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளையும் சினிமா பாட்டியாக்கியது. 1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தபோது அவருக்கு 44 வயதுதான். ஆனால் அவருக்கு இசைத்தட்டு இருந்தது. கணவர் கிட்டப்பாவோடு நாடக மேடையில் நின்ற காலத்துக் குரல் அதில் பதிந்திருக்கிறது. 1933-ல் கிட்டப்பா போன பிறகு அவர் வெள்ளைச் சேலைக்கு மாறியதை அறிந்து கேட்கிறவர்கள், முன்னே பாடியது எது, பின்னே பாடியது எது என்று பிரித்துக் கேட்கலாம். ஒரு பாடகியோடு கூடவே வயதாகிக்கொண்டு போகிற வசதி அது. நல்ல தொகுப்பு என்றால் எனக்கு அதுதான். எத்தனை பாட்டு ஓடியது என்பதல்ல.

*

எதிர்வீட்டு அம்மா சின்ன வயதில் அனுப்பம்பட்டுப் பக்கம் நடவுக்குப் போனவர். மீஞ்சூரைத் தாண்டிப் பொன்னேரி வரைக்கும் அப்போது நெல்தான். ஒரு பாட்டுப் பாடுங்கம்மா என்று கேட்டால், “ஒண்டியா எப்டிப்பா பாடறது? எடுத்துக் கொடுக்க ஆள் வேணாமா?” என்கிறார். குனிந்து நடும்போது மூச்சு நீளாது. அதனால் அடி சின்னதாக இருக்கும். ஒருத்தி ஒரு அடி போடுவாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், அந்த இடைவெளியில் அவளுக்கு மூச்சு திரும்பும், அடுத்த அடியும் நினைவுக்கு வரும். பாட்டின் அளவை இடுப்பும் நுரையீரலும் தீர்மானித்திருக்கின்றன. ஸ்டுடியோவில் நிமிர்ந்து நின்று தனியாகப் பாடிய கருப்பாயிக்கு அந்த ‘வாங்கிப் பாடுகிற’ ஆட்கள் இல்லாதது எப்படி இருந்திருக்கும்?

அந்த அம்மா அப்புறம் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்தார். செல்போனை எடுக்கலாமா என்று கை போனது. எடுக்கவில்லை. அவர் பாடுவது எனக்கில்லை என்று தோன்றியது.

*

இங்கிருந்து ரயிலேறினால் அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் வழியாகக் கொருக்குப்பேட்டை. ஜன்னலோரத்தில் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் வந்து போகும். கதவருகே பையன்கள் பெட்டியின் தகரத்தைத் தட்டி கானா பாடுவார்கள், பக்கத்தில் இன்னொருவன் செல்போனில் பிடிப்பான். மீசை அரும்பும் வயதுக் குரல் பதிவாகிவிடுகிறது. பாதி சகிக்காது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆண்கள் மட்டுமே பாடுவது என்றிருந்த கானாவுக்குள் ராயபுரத்து இசைவாணி வந்தார். 2017-ல் தொடங்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடி, 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலிலும் இடம்பெற்றார். அவரை யாரும் நரைக்கக் காத்திருக்கச் சொல்லவில்லை. இளம் குரல் அப்படியே பதிவில் இருக்கிறது. அவருக்கு அறுபது வயதாகும்போது யாராவது தொகுப்புப் போட உட்காருவார்கள். எதை முதலில் வைப்பது, எதை விடுவது என்று அன்றைக்கு இருப்பவர்கள் தாராளமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.