சிஹோஷ்ட் சிலுவையும் சாட்சியின் மதிப்பும்

செக் நாட்டின் வைசோச்சினா மேட்டுநிலத்தில், லெடெச் நாத் சாசவோ என்ற சிறுநகருக்குப் பக்கத்தில், வயல்களுக்கும் காடுகளுக்கும் நடுவே இருக்கிறது சிஹோஷ்ட். சில நூறு பேர் வாழும் ஊர். நாட்டின் புவியியல் மையம் இதனருகேதான் என்று கல் நட்டிருக்கிறார்கள். 1949 டிசம்பர் 11, திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. விண்ணேற்பு அன்னை ஆலயத்தில் பங்குத்தந்தை யோசெஃப் தோஃபர் மறையுரை ஆற்றுகையில், நற்கருணைப் பேழைமேல் இருந்த மரச்சிலுவை இருபுறமும் அசைந்து, சாய்ந்தபடியே நின்றுவிட்டதாக ஏறத்தாழ 20 பேர் சொன்னார்கள். தந்தை அதைப் பார்க்கவில்லை. மக்கள் சொல்லித்தான் அறிந்தார். 1948இல் ஆட்சியைப் பிடித்திருந்த கம்யூனிஸ்ட் அரசு இதைத் திருச்சபையின் சதி என்றது. 1950 ஜனவரி 28 அன்று இரகசியப் போலீஸ் அவரைப் பிடித்துச் சென்றது. சிலுவையை ஆட்டியவர் அவரே என்று ஒப்புக்கொள்ள வைக்க வால்டிட்சே சிறையில் அடித்தார்கள். பிப்ரவரி 25 அன்று அவர் இறந்தார்.

சிலுவை உண்மையிலேயே அசைந்ததா? நம்புகிறவரும் மறுப்பவரும் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். இதைவிட முதன்மையான கேள்வி, ஒருவர் கண்டதாகச் சொல்வதை நாம் எப்படி எடைபோடுகிறோம் என்பது. அற்புதத்துக்கான சாட்சியம் பொய்யாவது அந்த அற்புதத்தைவிட நம்பமுடியாததாக இருந்தால் மட்டுமே ஏற்கலாம் என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748இல் வாதிட்டார். கடுமையான அளவுகோல்தான், ஆனால் நேர்மையானது. சாட்சிகளைத் தனித்தனியே கேட்கவேண்டும், பீடத்தைச் சோதிக்கவேண்டும், பிறகே எடைபோடவேண்டும் என்று அது கோருகிறது. போலீசோ முடிவை முதலில் எழுதிவைத்துக்கொண்டு அதற்கேற்ற வாக்குமூலத்தைத் தேடியது. கம்பியால் சிலுவை ஆட்டப்பட்டதாகக் காட்டும் பிரசாரப் படமும் எடுக்கப்பட்டது. அடித்து வாங்கும் வாக்குமூலம் எந்தப் பக்கத்துக்கும் சான்றாகாது. பகுத்தறிவின் பெயரால் நடந்த அந்த விசாரணை, பகுத்தறிவுக்கே பெரிய துரோகம்.

அரசின் கொடுமையால் அற்புதம் உண்மையாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. திருவருகைக்காலத்தின் எதிர்பார்ப்பும், ஆட்சி தந்த அச்சமும், ஒருவர் சொன்னது மற்றவர் நினைவில் படிவதும் சேர்ந்து அந்தக் காட்சியை உருவாக்கியிருக்கலாம். இதை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை, மறுக்கவேண்டிய தேவையுமில்லை. சிலுவை அசையவே இல்லை என்று நாளை நிறுவப்பட்டாலும் அந்த 20 பேர் பொய்யர்கள் ஆகமாட்டார்கள். தவறாகக் காண்பது வேறு, வஞ்சிப்பது வேறு. தோஃபர் செய்ததாகச் சுமத்தப்பட்டது வஞ்சகம்; அந்தப் பழியை அடித்துதான் நிலைநாட்ட முனைந்தார்கள்.

அப்படியானால் நம்பிக்கையாளருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது இன்னும் கூர்மையான கேள்வி. நிறையவே மிஞ்சுகிறது. பிராகாவின் டியாப்லிட்சே கல்லறையில் பலரோடு சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்த தோஃபரின் எலும்புகள் 2014இல் தோண்டி எடுக்கப்பட்டன. 2015 ஜூலையில் சிஹோஷ்ட் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டன. அவருக்கு அருளாளர் பட்டம் வழங்குவதற்கான விசாரணை 2013இல் தொடங்கியிருந்தது. மறைசாட்சி என்று ஒருவரை ஏற்று அந்தப் பட்டம் வழங்கத் திருச்சபை எந்த அற்புதத்தையும் கேட்பதில்லை. எதற்காக அவர் கொல்லப்பட்டார், அதை எப்படி ஏற்றார் என்பதையே ஆராய்கிறது. சிலுவையைப் பற்றி எந்த முடிவுக்கும் வராமலே அந்த ஆய்வை நடத்தி முடிக்கலாம்.